பானெட்டில் சிக்கிய மனு

சிவராமலிங்கம் பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது லேசில் போகாது. முப்பது வருஷம் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக ஊர் ஊராகச் சுற்றியவர். விளைந்த வயலைச் சாவியாய்ப் போனது என்றும் தண்ணீர் நிற்கும் குளத்தை வறண்டது என்றும் சொன்னவர்களைப் பார்த்துப் பார்த்து, மனிதன் வாயைத் திறந்தாலே பொய்தான் என்ற முடிவுக்கு வந்திருந்தார். ரிட்டையரான பிறகும் அந்த ஒரு வேலையை மட்டும் அவர் விடவில்லை. பால்காரி, வண்ணான், கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறவன், ஒருத்தரும் அவரிடம் தப்பியதில்லை. அந்த வருஷம் டிரைவர் மூக்காண்டியின் முறை வந்தது.

மூக்காண்டி நாலு வருஷமாகப் பிள்ளையின் காரை ஓட்டுகிறவன். கார் ஒன்றும் புதுசில்லை. ஜெர்மன் சண்டைக்கு முந்தி வந்த வண்டி, சிவகிரியில் ஒரு பெரிய வீட்டில் ஓடிக் களைத்த பிறகு பிள்ளையிடம் வந்து சேர்ந்தது. இருந்தாலும் சங்கரன்கோவிலில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம் என்பதால், பின் சீட்டில் இடது ஓரமாக அவர் உட்கார்ந்து போகிற தோரணையே தனி.

ஆனி மாதக் கடைசியில்தான் பிள்ளை கவனித்தார். வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் மூக்காண்டியின் கண் சிவந்திருந்தது. சில நாள் நடையில் ஒரு தள்ளாட்டம். ஒன்று கேட்டால் பதில் வர நேரம் பிடித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, புளியங்குடிச் சந்தையில் வாங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருந்தது. பாதி வழியில் அதைக் கடித்துச் சப்பிக்கொண்டே ஓட்டினான். மதுவிலக்கு வந்து மூன்றாவது வருஷம் அது. வாடையை மறைக்க மனுஷன் என்னென்ன வேலை செய்வான் என்று பிள்ளைக்குத் தெரியாதா? போதாக்குறைக்கு மூக்காண்டியின் மச்சினன் ஒருத்தன், வாசுதேவநல்லூர்க்காரன், மலையடிவாரத்தில் சாராய ஊறல் போட்டுப் பிடிபட்டு ஆறு மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்திருந்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்!

"ஏலே, இங்கன வா. ஊது பாப்போம்," என்றார் ஒரு நாள்.

மூக்காண்டி ஊதினான். பிள்ளை மூக்கை நீட்டி முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் மூக்காண்டியின் வாய் இல்லை, பிள்ளையின் மூக்கு. இருபது வயதிலிருந்து வேளைக்கு நாலு சிட்டிகை பொடி போட்டு, அந்த மூக்கு வாசனை பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அதற்கு ஒன்றுதான். இந்த ரகசியத்தை அவர் மனைவி நெல்லையம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. ரசம் கொதிக்கும்போது "வாசனை பிரமாதம்" என்று அடுக்களையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்துச் சமாளித்து வந்தார்.

"நான் குடிக்கதில்லைய்யா," என்றான் மூக்காண்டி. "பானெட் ரப்பர் தேஞ்சு போச்சு. எஞ்சின் புகை பூராவும் உள்ள வருது. தலை வலிக்கி, கண்ணு எரியுது, வாந்தி வார மாதிரி இருக்கு. அதான் எலுமிச்சம்பழம் சப்புதேன். ரப்பரை மாத்திட்டாச் சரியாப் போயிரும்."

அவன் சொன்னது உண்மை. எஞ்சினை மூடுகிற பானெட்டின் பின் விளிம்பு வந்து உட்காரும் இடத்தில் ஒரு ரப்பர் பட்டை உண்டு. புகையும் சூடும் பின்னால் வராமல் அடைத்து வைப்பது அதன் வேலை. பதினைந்து வருஷ வெயிலில் அது காய்ந்து, வெடித்து, பாதி இடத்தில் இல்லாமலே போயிருந்தது. பழைய எஞ்சின் கக்குகிற புகை அந்த இடுக்கில் ஏறி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக நேரே டிரைவர் முகத்துக்கு வந்தது.

"புகையா? எனக்கு ஒரு வாடையும் தெரியலையே," என்றார் பிள்ளை.

"உங்களுக்குத் தெரியாதுய்யா," என்று சொல்லிவிட்டு மூக்காண்டி ஏனோ நிறுத்திக்கொண்டான். அந்த நிறுத்தமும் பிள்ளைக்குச் சந்தேகமாக இருந்தது.

ரப்பரை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. பானெட்டைத் திறக்கிறவன் ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டைக் கழற்றிக்கொள்வான் என்பது அவர் கட்சி. "எங்கண்ணு முன்னால இல்லாம ஒருத்தனும் பானெட்டைத் தொறக்கப்படாது. தொறந்தே, அன்னைக்கே உனக்கு வேலை போச்சு!" என்றார். கண் முன்னால் திறக்கவும் அவருக்குப் பொழுது வாய்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆனிக் கடைசியில் மேல்காற்று கிளம்பிவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று கரிசல் புழுதியை வாரிக் கண்ணில் கொட்டும். காதுக்குள் காற்றுப் போனால் பிள்ளைக்கு ஆகாது, இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். ஆகவே முன் கண்ணாடிகள் இரண்டையும் ஏற்றியே வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். தான் வெற்றிலை துப்புவதற்காகப் பின்னால் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் பாதி இறக்கி வைத்துக்கொள்வார். இந்த உத்தரவு பிறந்ததும் மூக்காண்டியின் கண் சிவந்ததும் ஒரே வாரத்தில்தான். ஊரையே சந்தேகப்பட்ட மனுஷர் தன் உத்தரவைச் சந்தேகப்படவில்லை.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறின மறுநாள் காலையில், மாடி ஜன்னலிலிருந்து பிள்ளை ஒன்றைக் கண்டார். தெருவில் வந்த மூக்காண்டியின் கையில், துண்டுக்குள் சுற்றிய ஏதோ ஒன்று. ஸ்டேஷன் பக்கம் டயருக்குப் பட்டி போடும் அப்துல் ஜப்பார் கடைத் திசையிலிருந்துதான் அவன் வந்தான். கார்க் கொட்டகை வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு முன் சீட்டைத் தூக்கி, கையில் இருந்ததை அடியில் திணித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போலக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

அவன் காப்பி குடிக்கப் போன சமயம் பார்த்துப் பிள்ளை இறங்கி வந்தார். சீட்டைத் தூக்கினார். கறுப்பாக, மடித்து, சணலால் இறுகக் கட்டின லாரி டியூப்.

பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாராயத்தை டியூபில் அடைத்துக் கடத்துகிறார்கள் என்று பேப்பரில் வாரம் ஒரு தடவை போடுகிறானே! அமுக்கிப் பார்த்தார். காலி. காலியாக இருந்தால் என்ன, நாளைக்குத்தான் வாசுதேவநல்லூர் வயலைப் பார்க்கப் போக வேண்டும் என்று இவனிடம் சொல்லியாகிவிட்டதே. அங்கே மச்சினன் நிரப்பித் தருவான். திரும்பி வரும்போது சரக்கின் மேல் உட்கார்ந்து இவன் ஓட்டுவான், பின்னால் நெற்றி நிறையத் திருநீறோடு நாம் வருவோம். பிள்ளைவாள் கார் என்றால் போலீஸ்காரன் தொடுவானா? சணலை அவிழ்த்தால் கண்டுபிடித்துவிடுவான் என்று அவிழ்க்காமலே வைத்துவிட்டு மேலே போனார்.

அன்றைக்கே முழுத்தாள் ஒன்றை எடுத்து மனு எழுதினார். முப்பது வருஷப் பழக்கம், கை தானாக ஓடியது. மூக்காண்டியின் பெயர், தகப்பன் பெயர், லைசன்ஸ் நம்பர், மச்சினனின் பூர்வோத்திரம் எல்லாம் எழுதி, 'மேற்படி நபருக்குக் கண் சிவந்திருக்கும், நாக்குக் குழறும், கால் நிலைகொள்ளாது, மேற்படி வாடையை மறைக்க எலுமிச்சம்பழம் சப்புவான், மேற்படி சரக்கு முன் சீட்டின் அடியில் லாரி டியூபில் இருக்கும்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். ஊருக்குள் நுழைகிற இடத்தில் திருவிழாவுக்காகப் போலீசார் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இதைக் கொடுத்தால் போதும். மூக்காண்டியின் லைசன்ஸ் போகும், வேலை போகும், அப்புறம் எந்த ஊரிலும் ஒருத்தனும் அவன் கையில் ஸ்டியரிங்கைத் தரமாட்டான். அதை நினைத்தபோது பிள்ளைக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வாசுதேவநல்லூரில் பிள்ளை வரப்பில் நடந்த நேரத்தில் மூக்காண்டி அரை மணி காணாமல் போனான்.

"எங்கல போனே?"

"மச்சினன் வீட்டுல ஒரு வாய் கூழு குடிச்சுட்டு வாரேன்யா."

'வாங்க வேண்டியதை வாங்கியாச்சு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்ட பிள்ளை, வழக்கமில்லாத வழக்கமாக முன் கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். சரக்கு தன் கண்ணுக்குத் தப்பி எங்கும் போய்விடக் கூடாது.

மூக்காண்டி திகைத்துப் போனான். "ஐயா, முன்னால வேண்டாம்யா. புகை..."

"வண்டி என்னுதுதானல? ஓட்டு."

"அப்ப கண்ணாடியவாவது இறக்கிக்கிடுதேன்."

"இறக்காத!" டியூபை வெளியே எறியப் பார்க்கிறான் என்று பிள்ளை புரிந்துகொண்டார். "ரெண்டும் ஏத்தியே இருக்கட்டும்."

புளியங்குடி வரைக்கும் ஒன்றும் இல்லை. அங்கிருந்து கிழக்கே திரும்பியதும் மேல்காற்று முதுகுக்குப் பின்னால் வந்து, வண்டியோடு சேர்ந்தே ஓடியது. எஞ்சின் புகை கலைய வழியில்லாமல் உள்ளே வந்து அடைந்தது. வேறு யாராக இருந்தாலும் முதல் மைலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்திருப்பார்கள். பிள்ளைக்கு வாடை தெரியவில்லை. நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் சுண்டுவது மட்டும் தெரிந்தது. பிறகு சாலையோரத்தில் இருந்த ஒரு புளியமரம் இரண்டாகத் தெரிந்தது. வயிறு புரட்டியது.

"ஐயா, மூஞ்சியே ஒரு மாதிரி இருக்கு. இந்தப் பழத்தையாவது சப்புங்கய்யா," என்று மூக்காண்டி எலுமிச்சம்பழத்தை நீட்டினான்.

முதலில் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தலையை ஆட்டியதே தப்பாகப் போய்விட்டது, உலகமே ஆடியது. பழத்தைப் பிடுங்கிக் கடித்தார்.

ஊர் எல்லையில் போலீசார் கை காட்டி வண்டியை நிறுத்தினார்கள். தபசுக்கு வந்த கூட்டம் சாலை நெடுக நடந்துகொண்டிருந்தது. ஹெட் கான்ஸ்டபிள் துரைப்பாண்டி பிள்ளையை நன்றாகத் தெரிந்தவர். "வாங்க பிள்ளைவாள்!" என்று கும்பிட்டார்.

பிள்ளை கதவைத் திறந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினார். "இந்தப் பயல்... டியூபு... சீட்டு..." என்று ஆரம்பித்தார். நாலு வார்த்தை நினைத்தால் ஒன்றுதான் வெளியே வந்தது. அதுவும் நாக்கில் புரண்டு வந்தது. முழங்கால் மடங்கியது. வண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் சப்பின எலுமிச்சம்பழத்தோடு, ஹெட் கான்ஸ்டபிளின் காலடியிலேயே வாந்தி எடுத்தார்.

கூட்டம் நின்றுவிட்டது. "ஐயையோ, பெரிய மனுஷனாட்டம் இருக்காரே!" என்றாள் ஒருத்தி.

துரைப்பாண்டிக்கு முகம் மாறியது. மனுவைப் பிரித்தார். அவருக்கு எழுத்தைக் கண்ணால் மட்டும் படிக்க வராது, உதட்டைத் திறந்து உரக்கப் படித்தால்தான் விளங்கும். படித்தார். மூக்காண்டியின் பெயர், அவன் அப்பன் பெயர், மச்சினன் கதை எல்லாம் நடுச்சாலையில் ஒலித்தது. "கண் சிவந்திருக்கும்" என்று படித்துவிட்டுப் பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். "நாக்குக் குழறும். கால் நிலைகொள்ளாது." பிள்ளையின் காலைப் பார்த்தார். "மேற்படி வாடையை மறைக்க எலுமிச்சம்பழம் சப்புவான்." பிள்ளை கையில் இருந்த பழத்தைக் கீழே போட்டார்.

"என்ன பிள்ளைவாள், உங்களைப் பத்தி நீங்களே மனு எழுதியிருக்கேளா?"

கூட்டம் சிரித்தது. பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. அறுபது வருஷமாக ஒரு சொட்டுத் தொடாத உடம்பு. "புகை..." என்றார் அவர். யாரும் கேட்கவில்லை.

"சரி, நீ சொல்லுல," என்று துரைப்பாண்டி மூக்காண்டியிடம் திரும்பினார். "உங்க ஐயா குடிச்சிருக்காரா, இல்லியா? டியூபு எங்க?"

மூக்காண்டி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், தன் மானம் அங்கேயே போய்விடும் என்று பிள்ளைக்கு அந்தத் தலைச்சுற்றலிலும் விளங்கியது. சற்று முன் வரைக்கும் அவன் பிழைப்பு இவர் பையில் இருந்தது. இப்போது இவர் மானம் அவன் வாயில்.

"எங்க ஐயா குடிக்க மாட்டாக," என்றான் மூக்காண்டி. "பொடியைத் தவிர ஒரு பழக்கமும் கிடையாது. பொடி போட்டுப் போட்டு அவுகளுக்கு வாடை தெரியாது. நாலு வருஷமா எனக்குத் தெரியும், சொன்னா மனசு சங்கடப்படுவாகன்னு சொல்லலை. புகைக்குள்ள உக்காந்தது தெரியாம வந்துட்டாக."

சொல்லிவிட்டு முன் சீட்டைத் தூக்கி, டியூபை எடுத்துச் சணலை அவிழ்த்து உதறினான். அது முழு டியூப் இல்லை. நீளவாட்டில் கிழித்து, பட்டையாக நறுக்கி, ஓரத்தில் ஆறு பொத்தல் போட்டிருந்தது.

"பானெட்டுக்கு ரப்பர்யா. இந்தப் பழைய வண்டிக்குக் கடையில கிடைக்காது. ஜப்பார் பாய்கிட்ட கழிச்சுப்போட்ட டியூபைக் கேட்டு வாங்கி, முன்னமே எடுத்த அளவுக்கு வெட்டி வச்சேன். ஐயா தொறக்கப்படாதுன்னாக. தபசன்னைக்கு அவுக கோயிலுக்குள்ள இருக்கையில போட்டுரலாம்னு இருந்தேன்."

துரைப்பாண்டி லேசில் நம்பவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். நூறு எண்ணுவதற்குள் இருமிக்கொண்டே வெளியே குதித்தார். "ஏ அப்பா! இதுக்குள்ள உக்காந்தா தினமும் ஓட்டுனே?"

"உங்க கையில இருக்க காயிதத்தைக் கொடுங்கய்யா," என்றான் மூக்காண்டி. மூடியிருந்த பானெட்டின் பின் விளிம்பில் மனுவை நுழைத்தான். தடையில்லாமல் உள்ளே போனது, தடையில்லாமல் வெளியே வந்தது. பிறகு பானெட்டைத் திறந்து, ஆறு திருகையும் கழற்றி, கருவாடு போல முறுகிக் கிடந்த பழைய ரப்பரைப் பிய்த்துப் போட்டான். புதுப் பட்டையை வைத்துத் திருகினான். பொத்தல் ஒவ்வொன்றும் கச்சிதமாக உட்கார்ந்தது. ரப்பரின் மேல் மனுவை வைத்துப் பானெட்டை மூடினான். "இப்ப இழுத்துப் பாருங்க."

துரைப்பாண்டி இழுத்தார். வரவில்லை. "பிடிச்சிக்கிட்டுல்லா!" என்று சிரித்தார். அதற்குள் பின்னால் ஏழெட்டு வண்டி சேர்ந்துவிட்டது. "போங்க, போங்க. அந்தக் காயிதம் எனக்கு வேண்டாம் பிள்ளைவாள், உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று அனுப்பிவிட்டார்.

பிள்ளை பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பானெட்டுக்கு வெளியே பாதித் தாள், கையெழுத்து இருக்கும் பக்கம், காற்றில் படபடத்துக்கொண்டே வந்தது. வழி நெடுக இரண்டு பேரும் அதைத்தான் பார்த்தார்கள்.

கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு மூக்காண்டி சாவியை நீட்டினான். "இனி புகை வராதுய்யா. கண்ணாடிய ஏத்தியே வச்சிக்கிடலாம்."

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு..."

"நாளைக்கு வரலைய்யா." சாவியை அவர் கையில் வைத்தான். "எம்பேரு, எங்கப்பன் பேரு, லைசன்ஸ் நம்பரு எல்லாம் ஒரு பிசகில்லாம எழுதியிருக்கிய. நாலு வருஷத்துல ஒரு நாளாவது நான் குடிச்சுப் பாத்தியளா?"

அவன் போய்விட்டான். வீட்டுக்குள் நுழைந்த பிள்ளையை நெல்லையம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். அதற்குள் சேதி வந்திருந்தது. கிட்டே வந்து ஒரு தடவை முகர்ந்தாள். "எலுமிச்சம்பழ வாடைல்லா அடிக்கி," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எத்தனை தடவை புகை என்று சொல்லியும் அவள் முகம் தெளியவில்லை.

பிள்ளை திரும்பக் கொட்டகைக்குப் போய் மனுவைப் பிடித்து இழுத்தார். கையெழுத்துப் போட்ட மூலை கிழிந்து கையோடு வந்தது. மூக்காண்டியின் பெயரும் அவன் தகப்பன் பெயரும் இருந்த பாகம் உள்ளேயே இருந்துகொண்டது. பானெட்டை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியாது. இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டால் அவன் படித்துவிடுவான். தன் துண்டை எடுத்து அதன் மேல் போட்டு மூடினார். படுக்கையில் புரண்டபோதும் அந்தத் தாள் அங்கே இருப்பது அவரை உறுத்தியது.

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் மூக்காண்டியின் தெருவுக்கு நடந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. மூக்காண்டி வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"பானெட்டைத் தொறக்கணும்," என்றார் பிள்ளை. அவன் பல் விளக்குவதை நிறுத்தவில்லை. "தப்பு எம்மேலதான் மூக்காண்டி. பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

மூக்காண்டி வாய் கொப்பளித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட வந்தான். கொட்டகையில் பானெட்டின் பக்கம் போய் நின்றான்.

"இங்கன பாருங்கய்யா. இந்தப் பிடியை இப்படித் திருப்பி, மேல தூக்கணும். அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. இனி ஒருத்தனையும் தேட வேண்டாம். உங்க கண்ணு முன்னால நீங்களே தொறந்துக்கிடலாம்."

பிள்ளை திருப்பினார். தூக்கினார். பானெட் அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மூக்காண்டி குனிந்து, ரப்பரில் ஒட்டியிருந்த தாளைக் கிழியாமல் உரித்து அவர் சட்டைப் பையில் வைத்தான்.

"வேலைக்கு வாயேன்ல," என்றார் பிள்ளை. "இனி நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"புளியங்குடி எலுமிச்சம்பழ லாரிக்குக் கூப்பிட்டிருக்காகய்யா. உங்க மேல கோவம் இல்லை. ஆனா இனி நான் உங்க சட்டைப் பையைப் பாத்துக்கிட்டேதான் வண்டி ஓட்டணும். உள்ள இன்னொரு காயிதம் இருக்குமோ, இருக்குமோன்னு. என்னால முடியாதுய்யா."

கும்பிட்டுவிட்டு அவன் நடந்தான். பிள்ளை இரண்டு கையாலும் பானெட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். மூடுவது எப்படி என்று கேட்கத் தோன்றியபோது மூக்காண்டி தெருமுனையைத் தாண்டியிருந்தான்.